ஊரைச் சுற்றிய நூல் – 7: கலாபாரிப் பெட்டியில் மெட்ராஸ் கட்டம்

மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் காலை ஷிப்டுக்கு இறங்கும் பெண்களில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டின் ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். தைக்கும் சட்டை எந்த நாட்டுக்குப் போகிறதென்று லேபிளே சொல்லிவிடும். சைதாப்பேட்டையில் தறி போட்டிருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போனது. பெயர்தான் கைக்குட்டை; வாங்கியவர்கள் அதை இடுப்பில் உடுத்தினார்கள்.

அங்கே துணிப் பஞ்சமா என்றால், இல்லை. நைஜீரியாவின் யொரூபா மக்களுக்குச் சொந்தத் தறி உண்டு. இசேயின் ஊரில் ஆண்கள் 4 அங்குல அகலத்துக்கு ‘அசோ ஓகே’ நெய்வார்கள். அந்தப் பட்டைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்தால் முழு உடுப்பு. பாவு தறிக்கு முன்னால் நெடுந்தூரம் நீண்டு கிடக்கும், நுனியில் கல் பாரம். நெய்ய நெய்யக் கல் தரையில் இழுபட்டு நெசவாளியை நோக்கி வரும். கல்யாணமோ சாவோ, குடும்பத்தார் எல்லாரும் ஒரே துணியில் வருவது ‘அசோ எபி’. நம் மண்டபங்களில் அக்கா தங்கைகள் ஒரே நிறப் புடவைக்கு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது நேற்று வந்த வழக்கம். செலவு கையைக் கடிக்கிறது என்ற புலம்பல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று.

மெட்ராஸ் துணியை உயிராய்ப் பிடித்துக்கொண்டவர்கள் யொரூபாக்கள் அல்ல. நைஜர் கழிமுகத்துக் கலாபாரிகள். குடும்பத்துக்கொரு துணிப்பெட்டி, அதில் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்த ‘இஞ்சிரி’; மெட்ராஸ் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. பெரியவர் இறந்தால் பெட்டி திறக்கும். உடலைக் கிடத்தும் கட்டிலையும் அறையையும் அந்தத் துணிகளால் அலங்கரிப்பார்கள். அசல்தானா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடும் மூதாட்டிகள் இருந்தார்கள். அதே மாதிரிக் கட்டத்தை நாம் கைலியாகக் கட்டி, நைந்ததும் அடுப்படித் துணியாக்கினோம்.

கலாபாரிப் பெண்கள் அதோடு விடவில்லை. வெளிர் நிற இழைகளை ஊசியால் நெம்பி, கத்தியால் அறுத்து உருவினார்கள். பாவிலும் ஊடையிலும் இடைவெளி விழ, வலைபோல் புதுக்கோலம் எழும். ‘பெலெத்தே பிதே’ என்கிறார்கள். இழை அறுந்தால் பதறிப்போகும் நம் நெசவாளி பார்த்திருந்தால் நெஞ்சு பொறுத்திருக்காது. ஆனால் அறுத்த பிறகுதான் அது முழுக்கக் கலாபாரித் துணி. மெட்ராஸ் கட்டம் என்று நாம் உரிமை கொண்டாடுவதில் பாதிதான் நியாயம் என்பேன்.

இந்த வணிகத்துக்குக் கறுத்த பக்கமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணியும் முக்கியமானது. அந்த நூற்றாண்டில்தான், 1734இல், கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணித் தேவைக்காக நெசவாளிகளைக் கொண்டுவந்து சிந்தாதிரிப்பேட்டையில் குடியேற்றியது. அடுத்த வாரம் அந்தத் தெருக்களுக்குப் போகலாம்.