44 ஓம் எங்கே போச்சு?

“போர் 800 அடி. 5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார், மூணு பேஸ். ஓடும்போது 400 வோல்ட், 9 ஆம்ப் காட்டுது. வோல்ட்டை ஆம்பால வகுத்தா ஓம்னு பையன் சொல்றான், 44 வருது. லைனை நிறுத்தி ஸ்டார்ட்டர்ல மீட்டர் வெச்சா 8 ஓம்தான். காயில் போயிருச்சு, மேலே எடுத்து ரீவைண்டிங் பண்ணணும்கிறாங்க. எடுக்கலாமா?”
- அவிநாசிபாளையம் வாசகர்

இந்தக் கணக்கை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.

பையன் சொன்ன விதி சரிதான். பனியன் கம்பெனி அயர்ன் பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும். 230 வோல்ட்டில் 1,000 வாட் பாக்ஸ் சுமார் 4.35 ஆம்ப் இழுக்கும். வகுத்தால் 53 ஓம். உள்ளே இருப்பது வெறும் சூடேறும் கம்பி.

மோட்டார் வேறு. சுழலும்போது காயிலுக்குள்ளேயே எதிர் வோல்டேஜ் உருவாகி, வரும் கரண்டைத் தடுக்கிறது. 44இல் பெரும்பங்கு அந்தத் தடுப்புதான். பம்பில் மணல் சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றால் அந்தத் தடுப்பும் போய்விடும்; கரண்ட் ஐந்தாறு மடங்கு ஏறும். ரிலே விழாவிட்டால் காயில் கருக நேரமாகாது.

சரி, அந்த 8 ஓம்? அதிலும் பாதிக்கு மேல் காயிலுடையது அல்ல, கேபிளுடையது! 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். போர் 800 அடி, ஸ்டார்ட்டர் வரை இன்னொரு 180 அடி என்றால் ஏறக்குறைய 300 மீட்டர். ஒரு கம்பிக்கு 2.4 ஓம். மீட்டர் இரண்டு கம்பி வழியாகப் பார்ப்பதால் 4.8. மிச்சம் 3 ஓம் சொச்சம்தான் காயில். 5 ஹெச்.பி.க்கு அது இயல்பான அளவே.

ஃபியூஸ் கேரியரைக் கழற்றிவிட்டு, மோட்டார் வயர்களை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்து, மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றுபோல இருந்தால் காயில் அறுந்திருக்காது. ஒன்று மட்டும் விலகினால் காயிலோ, கேபிள் ஜாயின்ட்டோ கெட்டிருக்கலாம். எர்த்துக்குக் கசிகிறதா என்பதை மல்டிமீட்டர் சொல்லாது. எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டார் எடுக்கும் பவர்: 1.73 × 400 × 9 × 0.8 (பவர் ஃபேக்டர், உத்தேசம்). கிட்டத்தட்ட 5,000 வாட். இதில் கேபிள் மட்டும் எவ்வளவு தின்கிறது? ஆம்பை ஆம்பால் பெருக்கி, ஓமால் பெருக்க வேண்டும்: 9 × 9 × 2.4 = 194 வாட். மூன்று கம்பிக்கும் 583. அரை அயர்ன் பாக்ஸுக்கு மேல் போருக்குள் சும்மா சூடாகிறது! 4 சதுர மி.மீ. கேபிளில் இது 364. 6இல் சுமார் 240.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தானே என்பீர்கள். காயில் கட்டுவது இலவசம் இல்லையே. உங்கள் கேபிளில் 30 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. கோடையில் லைன் 360க்கு வந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 330தான். அயர்ன் பாக்ஸ் என்றால் கரண்ட் குறையும். மோட்டாரோ அதே தண்ணீரைத் தூக்க அதிக ஆம்ப் இழுக்கும். பல காயில்கள் இப்படித்தான் வேகின்றன. ரிலேயைப் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்புக்கு மேல் திருகி வைக்காதீர்கள்.

என்றைக்காவது மோட்டாரை மேலே எடுக்க நேர்ந்தால், இறக்கும்போது 4 அல்லது 6 சதுர மி.மீ. கேபிள் போட்டு இறக்குங்கள். அன்றைக்கே மூன்று ஜோடி ஓமையும், ஓடும் ஆம்பையும் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.