கட்டிலருகே ஒரு வடிகுழாய்

"தியேட்டருக்குக்கூடக் கொண்டு போகாம கட்டில்லயே பண்றோம்னு சொல்றீங்களே டாக்டர், அம்மாவைக் கைவிட்டுட்டீங்களா?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று ஒரு மகன் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் ஒப்புதல் படிவம் இருந்தது. இன்னும் கையெழுத்து இடப்படவில்லை. இதே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் பல குடும்பத்தினர் எங்களிடம் எழுப்பியிருக்கிறார்கள். வாயிலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்குச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அந்த அம்மையாருக்கு வயது 78. நெடுநாளைய சர்க்கரை நோய், இதயமும் பலவீனம். நான்கு நாட்களாக வலது விலாவின் கீழ் வலி, காய்ச்சல், வாந்தி. வாயுத் தொல்லை என்று எண்ணி வீட்டில் ஓமநீர் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறைகூற இயலாது. முதியோருக்கு, அதிலும் சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு, இந்நோய் பெரும்பாலும் இப்படித்தான் வேடமிட்டு வருகிறது. மருத்துவமனைக்கு வந்தபோது இரத்த அழுத்தம் சரிந்து, நினைவும் தடுமாறத் தொடங்கியிருந்தது.

பித்தப்பை, கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில் தொங்கும் சிறிய பை. 30 முதல் 50 மில்லிலிட்டர் பித்தநீர் அதில் தேங்கியிருக்கும். அதன் வாய்க்குழாயை ஒரு கல் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது; சுவர் வீங்குகிறது; கிருமிகள் பெருகினால் பித்தநீர் சீழாக மாறுகிறது. கல்லே இல்லாமலும் இவ்வழற்சி வருவதுண்டு. கடுமையான தீக்காயம், இரத்தத்தில் கிருமித்தொற்று, நீண்ட நாள் வாய்வழி உணவின்மை ஆகியவற்றால் படுக்கையில் கிடப்பவர்களிடம் அதைக் காண்கிறோம்.

பித்தப்பையை அறுவை செய்து அகற்றுவதே இந்நோய்க்கு முழுமையான தீர்வு. ஆனால் அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றுக்குள் வாயுவும் செலுத்த வேண்டும். சரிந்த இரத்த அழுத்தத்தோடும் தளர்ந்த இதயத்தோடும் இருந்த அந்த அம்மையார் அதைத் தாங்கியிருக்கமாட்டார். அந்த வேளையில் அவருடைய உயிருக்கு ஆபத்து விளைவித்தது உள்ளே அடைபட்டுக் கிடந்த சீழ். அதை வெளியேற்றிவிட்டால், பையை அகற்றுவதற்குக் காலம் கிடைக்கும். வரலாற்றிலும் இதே வரிசைதான். 1867இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தார். அதை முழுவதுமாக அகற்றும் அறுவையை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் செய்தார்.

இனி, ஏன் கட்டிலிலேயே? மூச்சுக் கருவியோடும் நான்கைந்து மருந்துப் பம்புகளோடும் ஒருவரை வேறு தளத்துக்குக் கொண்டுசெல்வதே ஓர் ஆபத்து. அல்ட்ராசவுண்ட் கருவிக்குச் சக்கரங்கள் உண்டு, கதிர்வீச்சு இல்லை. ஊசிமுனை செல்லும் வழியைத் திரையில் அந்தந்த நொடியிலேயே காணலாம். எனவே நோயாளியை நகர்த்தாமல் கருவியை அவரிடம் நகர்த்துகிறோம். கைவிடுவதற்கு நேர்மாறான செயல் இது.

முதலில் இரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்கிறோம். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உட்கொள்பவராயின் அதைக் குடும்பத்தினர் மறவாமல் சொல்ல வேண்டும். விலாப்புறத் தோலைக் கிருமிநீக்கம் செய்து, மரத்துப்போக ஊசியிடுகிறோம். நோயாளி விழித்திருந்தால் சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். பெரும்பாலும் கல்லீரலின் ஓர் ஓரத்தைக் கடந்தே ஊசி பித்தப்பைக்குள் நுழைகிறது. கல்லீரல் அத்துளையை இறுகப் பற்றிக்கொள்வதால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும் வாய்ப்புக் குறைகிறது. அவ்வழியே ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயைச் செலுத்துகிறோம். உள்ளே சென்றதும் அதன் நுனி பன்றிவாலைப் போலச் சுருண்டு நின்றுகொள்ளும். முதலில் வரும் நீரில் சிறிதளவு, கிருமியைக் கண்டறியப் பரிசோதனைக்கூடத்துக்குச் செல்லும். இரத்தக்கசிவு, பித்தநீர்க்கசிவு, நாடித்துடிப்புத் திடீரெனக் குறைதல் ஆகியவை நேரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்த அம்மையாருக்குக் கலங்கிய, கரும்பழுப்பு நிறச் சீழ் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. மகனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குழாய் எளிது, அறுவை கடினம், ஆகவே குழாயே போதும் என்று சிலர் எங்களை வற்புறுத்துகிறார்கள். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு ஆபத்து மிகுந்தவர் எனக் கருதப்பட்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்டவர்களுள் 12 சதவீதத்தினருக்கும், குழாய் வைக்கப்பட்டவர்களுள் 65 சதவீதத்தினருக்கும் பெரிய சிக்கல்கள் நேர்ந்தன. நோய் திரும்பியதும் மறுசிகிச்சை தேவைப்பட்டதும் அவற்றுள் அடங்கும். மிகக் கவலைக்கிடமாக இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, அறுவையைத் தாங்கக்கூடியவருக்கு நாங்கள் அறுவையையே பரிந்துரைப்போம், இயலாதவருக்கே குழாய்.

குழாயோடு வீடு திரும்பும்போது பொறுப்பில் பாதி குடும்பத்தினர் கைக்கு வந்துவிடுகிறது. மிகுதியாக நேரும் தொல்லை, குழாய் இழுபட்டு வெளியே வருவது. பை கட்டிலின் கம்பியில் மாட்டிக்கொள்ளும். புடவைக் கொசுவத்தில் சிக்கும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இருக்கையிலேயே தங்கிவிடும். எழுவதற்குமுன் பை எங்கே என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். செவிலியர் கற்றுக்கொடுத்த முறையிலன்றிக் குழாய்க்குள் எதையும் செலுத்தாதீர்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ள முயலாமல், தூய துணியால் மூடி உடனே வாருங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், வலி அதிகரித்தல், கண் மஞ்சளாதல், பையில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அந்த மகன் பள்ளி நோட்டு ஒன்றில் நாள்தோறும் காலை ஆறு மணிக்குப் பையின் அளவையும் நிறத்தையும் குறித்துவந்தார். 120, 110, 130 என்று வந்த கணக்கு, வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் 10 என்று இறங்கியது. அம்மாவுக்கு வலி இலேசாகத்தான் இருந்தது. ஆயினும் அவர் நோட்டோடு வந்து நின்றார். குழாயில் சீழ்க்கட்டி அடைத்திருந்தது. உப்புநீரால் கழுவியதும் திறந்துகொண்டது. மேலும் இரண்டு நாள் கழிந்திருந்தால் அம்மையார் மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே வந்திருப்பார்.

நலம் திரும்பியதும் குழாயை உடனே எடுத்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். குழாயைச் சுற்றி உடல் ஒரு பாதையை அமைத்துக்கொள்ளக் குறைந்தது மூன்று வாரங்களாவது தேவை. முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கூடுதலாக ஆகலாம். அதற்குமுன் உருவினால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். குழாய்வழியே சாயமருந்து செலுத்திப் படமெடுத்து, அடைப்பு நீங்கியதா என்று பார்த்த பின்னரே முடிவெடுக்கிறோம். அந்த அம்மையாருக்கு எட்டாம் வாரம், இதயநோய் மருத்துவரின் ஒப்புதலோடு, லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினோம். அன்று அவரைத் தியேட்டருக்குத்தான் கொண்டு சென்றோம். மகன் இம்முறை படிவத்தை முழுவதும் படித்துவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டுக் கையெழுத்திட்டார்.