கலைந்து கூடும் சந்தை

1898-ஆம் ஆண்டு. இத்தாலியின் பவியா நகரில் கமில்லோ கோல்கி ஒரு கூகையின் சிறுமூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். வெள்ளி உப்பு ஏறிய நரம்புச் செல்களுக்குள், உட்கருவைச் சுற்றி, கறுப்பு நூலால் பின்னியதுபோல் ஒரு வலை தெரிந்தது. பலர் நம்பவில்லை. அது சாயம் செய்த வேலை, உயிருள்ள செல்லில் அப்படி எதுவும் கிடையாது என்றார்கள். வழக்கு தீர அரை நூற்றாண்டுக்கு மேலானது. 1950-களில் மின்னணு நுண்ணோக்கி அதைத் தெளிவாகக் காட்டியது: தோசைகளை அடுக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையான சவ்வுப் பைகள்.

செல்லை விட்டு வெளியேறும் புரதங்களில் பெரும்பாலானவை, கோல்கி என்றே பெயர்பெற்ற இந்த அடுக்கைக் கடந்தே போகின்றன. உள்ளிருக்கும் நொதிகள் அவற்றில் சர்க்கரைகளைக் கோக்கின்றன, கழிக்கின்றன, போகவேண்டிய இடத்துக்கு முத்திரை இடுகின்றன. நம் ரத்த வகையும் இங்கே இடப்படும் முத்திரைதான். சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் கேலக்டோஸ் சேர்ந்தால் பி. அதன் உறவுக்கார சர்க்கரையான அசிட்டைல் கேலக்டோசமீன் சேர்ந்தால் ஏ. இரண்டும் சேராவிட்டால் ஓ.

அடுக்கின் பைகளான தட்டுகள் அசையாமல் இருக்க, புரதச் சரக்கை மட்டும் நுண்பைகள் தட்டுக்குத் தட்டு சுமந்து போகின்றன என்றே பலகாலம் பாடம் சொல்லப்பட்டது. அதில் ஒரு முள் உறுத்தியது. கொலாஜனின் மூலப் புரதம் சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான கம்பி. நுண்பையின் அகலமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு கம்பி எப்படிப் போகிறது?

விடைக்கு ஈஸ்ட் உதவியது. ரொட்டி ஈஸ்ட்டில் கோல்கிப் பைகள் அடுக்காமல் தனித்தனியே சிதறிக் கிடப்பதால், ஒரே பையைக் கண்விடாமல் தொடரலாம். 2006-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் கிளிக் குழுவும் ஜப்பானில் அகிஹிகோ நகானோ குழுவும் அதைச் செய்தன. கிளிக் குழு, சரக்கு நுழையும் முன்தட்டின் புரதத்துக்குப் பச்சை ஒளியும் வெளியேறும் பின்தட்டின் புரதத்துக்குச் சிவப்பு ஒளியும் தந்திருந்தது. பச்சையாக இருந்த பை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது. தட்டே முன்தட்டாகப் பிறந்து பின்தட்டாக முதிர்கிறது. சரக்கு அதிலேயே பயணிக்கிறது. நுண்பைகளில் பின்னோக்கிப் போவது நொதிகள். டிக்கெட் பரிசோதகர் தன் எல்லை முடிந்ததும் இறங்கி எதிர்வண்டியில் திரும்புவதைப்போல, அவை அடுத்து வரும் தட்டுக்குத் திரும்புகின்றன. விவரங்களில் விவாதம் ஓயவில்லை என்றாலும், நிலையான கட்டடம் என்ற படம் கலைந்துவிட்டது.

கட்டடம் இல்லையென்றால் கலைத்துப் பார்க்கலாமே? ஒரு பூஞ்சை சுரக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற பொருளை விலங்குச் செல்களில் இட்டால், சில நிமிடங்களில் கோல்கியின் நொதிகள் புரதம் உருவாகும் எண்டோபிளாச வலைக்குள் கலந்துவிடுகின்றன. மருந்தைக் கழுவினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடுக்கு மீண்டும் எழுகிறது. செல்லின் சாலைகளான நுண்குழல்களைக் குலைத்தால் வேறு காட்சி: சரக்கு வெளிவரும் வாசல்தோறும் சின்னஞ்சிறு அடுக்குகள் பெட்டிக்கடைபோல முளைக்கின்றன. வியாபாரமும் நிற்பதில்லை. சாலை திரும்பியதும் அவை நடுவில் கூடி ஒன்றாகின்றன.

பூஞ்சையும் மருந்தும் இல்லாமலே நம் செல்கள் இதைச் செய்கின்றன. செல் பிரியும் வேளையில், தட்டுகளைப் பிடித்திருக்கும் கிராஸ்ப்65 போன்ற புரதங்களில் பாஸ்பேட் ஏறுகிறது, பிடி தளர்கிறது, கோல்கி துணுக்குகளாகச் சிதறுகிறது. இந்தப் பாகப்பிரிவினை நடக்கவிடாமல் தடுத்தால் செல் பிரியும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பிரிந்தபின் பாஸ்பேட் நீங்க, துணுக்குகள் ஒட்டி, இரண்டு வீடுகளிலும் அடுக்கு எழும்புகிறது.

வாரச்சந்தைக்கு வரைபடம் கிடையாது. வண்டிகள் வந்து நிற்பதும் சரக்கு கைமாறுவதுமே அதன் அமைப்பு. கோல்கியும் பெருமளவு அப்படித்தான். கூகையின் மூளையில் கமில்லோ கோல்கி கண்டது ஓடும் சந்தையின் ஒரு நொடியை. வெள்ளி அதை உறையவைத்திருந்தது.