பதிவேட்டில் பெயர் எழுதும் விசைப்பலகை

‘இயக்க அமைப்பு கணினியின் வளங்களை மேலாண்மை செய்கிறது.’ பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் இந்த வரியைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவந்தேன். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அஞ்செட்டியில் ஒரு மாணவி எழுந்து, “வளம்னா என்ன சார்? அது எங்க இருக்கு? காட்டுவீங்களா?” என்று கேட்டாள். வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை. மலைக்காட்டை ஒட்டிய ஊரில் வளம் என்றால் மரம், தண்ணீர், மண். கணினிப் பெட்டிக்குள் எது வளம்? நினைவகம், செயலி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

விசைப்பலகை, சுட்டி, வலைப்பின்னல் அட்டை என ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சாதன இயக்கி உண்டு. நாம் ‘டிரைவர்’ என்று சொல்லும் மென்பொருள் அதுதான். தன் சாதனத்தோடு பேச அதற்கு முக்கியமாக இரண்டு தேவை. ஒன்று, முகவரி. எந்த எண்ணில் எழுதினால் செய்தி அந்தச் சாதனத்துக்குப் போகும் என்பது தெரிய வேண்டும். பழைய வகை விசைப்பலகைக்கு அது பதினாறடிமான எண்களில் 60, 64. மற்றொன்று, குறுக்கீட்டு எண். வகுப்பு நடக்கும்போது அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு வாசலில் வந்து நிற்பார். நாம் பாடத்தை நிறுத்தி, கையொப்பமிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். செயலிக்குச் சாதனம் கொடுக்கும் குறுக்கீடும் அப்படித்தான். வாசலில் நிற்பது யார் என்று எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளும். விசைப்பலகையின் எண் 1.

முகவரிகளும் குறுக்கீட்டு எண்களும் அளவுக்கு உட்பட்டவை. அதனால்தான் அவை வளங்கள். அவற்றை ஒதுக்குவது கெர்னல் எனப்படும் இயக்க அமைப்பின் உட்கரு.

எப்படி ஒதுக்குகிறது? கணினி ஆய்வகத்துக்கு நாம் வைத்திருக்கும் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாடவேளை வேண்டும் என்றால் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதுகிறோம். ஏற்கெனவே வேறு பெயர் இருந்தால் திரும்பிவிடுகிறோம். லினக்ஸ் கெர்னலிலும் இதே நடைமுறைதான். இயக்கி முதலில் ‘இந்த முகவரிகள் எனக்கு வேண்டும்’ என்று தன் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. காலியாக இருந்தால் கெர்னல் பதிந்துகொள்ளும். இல்லையென்றால் ‘வேறொருவர் கையில் இருக்கிறது’ என்று பிழை எண்ணைத் திருப்பித் தரும்.

இங்கே நான் வெகுகாலம் தவறாக நினைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிந்துவிட்டால் வேறு யாரும் அந்த முகவரியைத் தொட முடியாது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பதிவேடு என்பது பூட்டு அல்ல. பெயர் எழுதாமலே ஒரு இயக்கி அந்த முகவரியில் எழுதினால், பதிவேடு அதைக் கையைப் பிடித்துத் தடுக்காது. எல்லா இயக்கிகளும் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடும் என்ற உடன்பாட்டில்தான் ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

திருப்பிக் கொடுப்பதும் அதே அளவு முக்கியம். ஒரு இயக்கிக்கு முகவரி கிடைத்துவிட்டது, குறுக்கீட்டு எண் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அது வெளியேறும் முன் வாங்கிய முகவரியைத் திருப்பித் தர வேண்டும். பல வளங்கள் வாங்கியிருந்தால் கடைசியாக வாங்கியதை முதலில் தர வேண்டும். நிரலாளர் இதை மறந்தால், அந்த இயக்கியே அடுத்த முறை வந்து கேட்கும்போது ‘இடம் காலியில்லை’ என்ற பதில் வரும், கணினியை அணைத்துப் போடும்வரை. எதற்கெடுத்தாலும் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்கிறார்களே, அது சில நேரம் பலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பு இந்தப் பதிவேட்டை மனிதர்களே வைத்திருந்தார்கள். 1990களின் இறுதியில் ஒசூரில் ஒரு பயிற்சி மையத்தில் நான் படித்தபோது, கணினி ஒன்றில் மோடம் அட்டையைப் பொருத்தினோம். மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் சுட்டி உறைந்துவிட்டது. அரை நாள் சுட்டியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். உண்மையில் சுட்டி இருந்த முதல் தொடர் துறைக்கும் மோடம் எடுத்துக்கொண்ட மூன்றாம் துறைக்கும் வழக்கமான குறுக்கீட்டு எண் ஒன்றே, 4. அட்டையில் இருந்த ஜம்பர் என்ற சின்னஞ்சிறு செருகியை 5க்கு மாற்றியதும் சரியாயிற்று. அக்காலக் கணினியில் பயன்படக்கூடிய குறுக்கீட்டு இணைப்புகளே 15தான். அதிலும் பாதிக்கு மேல் முன்பே ஆள் இருக்கும்.

பிறகு வந்த பிசிஐ அட்டைகள் இந்தத் தொல்லையைக் குறைத்தன. கணினி இயங்கத் தொடங்கும்போதே ஒவ்வொரு அட்டையிடமும் ‘உனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?’ என்று கேட்கப்படுகிறது. கேட்கும் முறை அழகானது. அட்டையின் முகவரிப் பதிவகத்தில் எல்லா பிட்டுகளையும் 1 என்று எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறார்கள். வகையைக் குறிக்கும் ஓரிரு பிட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கடைசி 12 பிட்டுகள் மாறாமல் 0 ஆகவே நிற்கின்றன என்று வையுங்கள். 2இன் அடுக்கு 12, அதாவது 4096 பைட் இடம் வேண்டும் என்று பொருள். அடுக்குக்குறி நடத்தும் கணித ஆசிரியர்கள் இதை எடுத்தாளலாம்.

மாணவி கேட்டபடி காட்டவும் முடியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ பட்டியலில் ‘ரிசோர்சஸ் பை டைப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், எந்த முகவரி, எந்தக் குறுக்கீட்டு எண் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் வரும். ஒரு சாதனத்துக்குப் போதிய வளம் கிடைக்காவிட்டால் அங்கே பிழை எண் 12 தெரியும்.

லினக்ஸில் இன்னும் நன்றாகக் காட்டலாம். அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதுவோ உபுண்டுவோ எது இருந்தாலும் சரி. ‘ப்ராக்’ அடைவில் ‘இன்டரப்ட்ஸ்’ என்ற கோப்பு இருக்கும். ‘வாட்ச்’ கட்டளையால் அதைத் திறந்துவைத்தால் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். முகவரிகள் ‘ஐஓபோர்ட்ஸ்’ கோப்பில் உள்ளன. சாதாரணப் பயனராகத் திறந்தால் வெறும் 0 ஆகத் தெரியும், சூடோ உரிமை வேண்டும்.

அடுத்த நாள் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் இணைத்து, 1ஆம் எண் வரிசையைக் கவனிக்கச் சொன்னேன். யூஎஸ்பி விசைப்பலகையானால் அது வேறு வரிசையில் வரும். மடிக்கணினியின் சொந்த விசைப்பலகை பெரும்பாலும் 1இலேயே இருக்கும். அந்த மாணவியே வந்து ‘ஏ’ விசையைத் தட்டினாள். எண் 2 கூடியது. அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று பின்பெஞ்சிலிருந்து சரியாகச் சொன்னார்கள். அவள் உடனே அம்புக்குறி விசையைத் தட்டினாள். 4 கூடியது.

“இதுக்கு மட்டும் ஏன் சார் நாலு?”

அந்த விசை ஒவ்வொரு முறையும் ஒன்றுக்குப் பதில் இரண்டு பைட் அனுப்புகிறது. அதை நான் சொல்லவில்லை. வேறு எந்தெந்த விசைகளுக்கு 4 வருகிறது என்று கண்டுபிடித்து எழுதிவரச் சொன்னேன்.