எச்.ஐ.வி. தடுப்புக்கும் சிகிச்சைக்கும் உரிய பொதுநிதி: எங்கிருந்து வருகிறது, யாரைச் சென்றடைகிறது

நியூ ஜெர்சியில் வாழும் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தால், கையில் காப்பீடு இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. இதற்கெனவே மத்திய அரசிலிருந்து மாநிலத்துக்கும் கவுண்டிக்கும் நகருக்கும் இறங்கிவரும் பொதுநிதி ஒன்று 1990-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. நாம் செலுத்தும் வரியும் அதில் சேர்ந்ததே. ஆயினும் நம் இல்லங்களில் இந்நோயின் பெயரை உச்சரிக்கவே தயக்கம் நிலவுவதால், உதவி எங்கே உள்ளது என்று கேட்பதற்குக்கூடப் பலர் கூசுகின்றனர். அந்நிதி எவ்வாறு இயங்குகிறது, அதை அணுகுவது எப்படி என்பதை மிடில்செக்ஸ் கவுண்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இண்டியானா மாநிலத்துச் சிறுவன் ரயன் வைட், ஹீமோஃபீலியா எனும் குருதி உறையாமை நோய்க்கு அளிக்கப்பட்ட இரத்தப் பொருள் வழியாகத் தொற்றுக்கு ஆளானவன். பள்ளி அவனைச் சேர்க்க மறுத்தது. குடும்பம் வழக்காடி வென்றது. 1990 ஏப்ரலில், தன் 18-ஆம் வயதில் அவன் இறந்தான். அவ்வாண்டு ஆகஸ்ட் 18 அன்று அவன் பெயரிலேயே சட்டம் கையொப்பமாயிற்று. இன்று அமெரிக்காவில் தொற்று உறுதி செய்யப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இத்திட்டத்தின் ஏதேனும் ஒரு சேவையைப் பெறுகின்றனர்.

சட்டம் பல பகுதிகளாக அமைந்துள்ளது. பொதுமக்கள் அறிய வேண்டியவை முதல் மூன்று. 'ஏ' பகுதி நிதி, தொற்று மிகுந்த பெருநகரப் பகுதிகளுக்கு நேரடியாக வருவது. 'பி' பகுதி மாநில அரசுக்கு உரியது. மருந்துக்கான பெரும்பணம் இதிலேயே அடங்கும். 'சி' பகுதி, மருத்துவமனைகளுக்கும் சமூக மருத்துவ நிலையங்களுக்கும் நேராகச் சேருவது.

'ஏ' பகுதியின் எல்லைகளைச் சற்று உற்றுநோக்குவது நலம். மிடில்செக்ஸ், சாமர்செட், ஹன்டர்டன் ஆகிய மூன்று கவுண்டிகளும் ஒரே நிதிப்பகுதி. எசெக்ஸ், யூனியன், மோரிஸ், சசெக்ஸ், வாரன் கவுண்டிகள் நியூவர்க் பகுதியில் அடங்கும். ஜெர்சி சிட்டிக்குத் தனிப் பகுதி; பெர்கன், பசாயிக் இரண்டுக்கும் சேர்த்து மற்றொன்று. கேம்டன் வட்டாரம் பிலடெல்பியாவோடு இணைக்கப்பட்டுள்ளது. இக்கோடுகள் நம் அன்றாட வாழ்வின் கோடுகள் அல்ல. பிளெயின்ஸ்பரோவில் குடியிருப்பவர் மிடில்செக்ஸைச் சேர்ந்தவர். அருகிலுள்ள வெஸ்ட் விண்ட்சரில் குடியிருப்பவரோ மெர்சர் கவுண்டிக்காரர், எந்த 'ஏ' பகுதியிலும் சேராதவர். அவருக்குச் சேவை இல்லை என்பது பொருளன்று. அவர் மாநில நிதியின் வழியாகவும் மருத்துவ நிலையங்களின் வழியாகவும் வரவேண்டும் என்பதே பொருள். அண்டை ஊர் நண்பருக்குக் கிடைத்தது தமக்குக் கிடைக்கவில்லை என்று மனம் சோர்வோர் இதை நினைவிற் கொள்க.

ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு தொகை? 'ஏ' பகுதி நிதியின் பெரும்பங்கு, அப்பகுதியில் தொற்றோடு வாழ்வதாகப் பதிவானோரின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எஞ்சியது, தேவையை எடுத்துக்காட்டும் விண்ணப்பத்தின் பேரில் வழங்கப்படுகிறது. ஆகவே பரிசோதனை செய்துகொள்ளாத ஒருவர் தம் உடல்நலத்தை மட்டும் இழப்பதில்லை. கணக்கில் அவர் இல்லாததால், அவருக்காக வந்திருக்க வேண்டிய தொகையும் நம் பகுதிக்கு வருவதில்லை. பதிவு என்றதும் பெயர் வெளிப்படுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே. பெயர் மாநிலச் சுகாதாரத் துறையின் இரகசியப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசுக்குச் செல்லும் விவரத்தில் பெயர் இராது. அனுமதியின்றி இத்தகவலை வெளியிடுவதை நியூ ஜெர்சியின் தனிச் சட்டமும் தடை செய்கிறது.

வந்த தொகையை எதற்குச் செலவிடுவது என்பதிலும் விதிகள் உள்ளன. சேவைகளுக்கான தொகையில் குறைந்தது 75 விழுக்காடு மருத்துவர், மருந்து, பல் சிகிச்சை, மனநலம் போன்ற அடிப்படை மருத்துவப் பணிகளுக்குச் செல்ல வேண்டும். மீதியைப் போக்குவரத்து, உணவு, சட்ட உதவி முதலியவற்றுக்குப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பும் அவ்வாறு அனுமதிக்கப்பட்ட செலவே. எனவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது தொந்தரவு ஆகாது. பெற்றோரின் நோய் விவரத்தைப் பள்ளி செல்லும் பிள்ளையின் வாயால் மொழிபெயர்க்கச் செய்யும் வழக்கம் இனியேனும் ஒழிய வேண்டும்.

நியூவர்க் போன்ற பெரும்பகுதிகளில் முன்னுரிமைகளை வகுப்பது ஒரு திட்டமிடல் குழு. அதன் உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர், இச்சேவையைப் பெறுவோராகவும் நிதிபெறும் நிறுவனங்களோடு தொடர்பற்றோராகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் என்பதைக் குழு தீர்மானிப்பதில்லை. எந்தச் சேவைக்கு எவ்வளவு என்பதையே தீர்மானிக்கிறது. குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. தமிழ் மொழிபெயர்ப்பு தேவை என்று எவரும் அங்கே கூறாதவரை அது பட்டியலில் ஏறப்போவதில்லை.

தமிழகத்திலிருந்து வந்தோர்க்கு இங்குள்ள முறை குழப்பம் தருவது இயல்பு. இந்தியாவின் முதல் தொற்று 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. அங்கே ஒரே மையத்தில் பரிசோதனையும் மருந்தும் கிடைத்துவிடும். இங்கோ பொதுநிதி என்பது கடைசிப் படி. முதலில் நிறுவனக் காப்பீடு, அடுத்து மெடிக்கெய்டு அல்லது மெடிகேர், அவை எவையும் ஏற்காத செலவுக்கே ரயன் வைட் நிதி. அதனால் இந்நிதி ஏழைகளுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். மாநிலத்தின் எய்ட்ஸ் மருந்து வழங்கல் திட்டம், மத்திய வறுமைக் கோட்டைப் போல் 5 மடங்கு வரை வருமானம் உள்ள குடியிருப்பாளரையும் ஏற்கிறது. வேலை இழந்து காப்பீடு நின்றுபோன மென்பொருள் பணியாளருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'பி' பகுதி நிதியைக் கொண்டு காப்பீட்டுப் பிரிமியம் செலுத்தவும் சட்டம் இடமளிக்கிறது.

தடுப்புக்கான பணம் வேறு வழியில் வருகிறது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலத்துக்கு வழங்கும் நிதியே பரிசோதனைக்கும் விழிப்புணர்வுக்கும் அடிப்படை. 2019-இல் அறிவிக்கப்பட்ட தேசிய ஒழிப்பு முயற்சியில் நியூ ஜெர்சியிலிருந்து எசெக்ஸ், ஹட்சன் கவுண்டிகள் இடம்பெற்றன. தொற்று வராமல் காக்கும் பிரெப் மருந்தின் விலையை ரயன் வைட் நிதி ஏற்காது. ஆனால் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் அதைக் கட்டணமின்றி வழங்கக் கடமைப்பட்டவை. பெற்றோரின் காப்பீட்டில் உள்ள இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காப்பீட்டு விளக்கத் தாள் வீட்டு முகவரிக்கே வரலாம். அதைத் தம் பெயருக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம்.

விசா பற்றிய அச்சம் இன்னும் நீங்கவில்லை. 2010 ஜனவரி 4 வரை இத்தொற்று உள்ளவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குத் தடை இருந்தது உண்மையே. அன்றுமுதல் அத்தடை இல்லை. கிரீன் கார்டு மருத்துவச் சோதனையிலும் எச்.ஐ.வி. பரிசோதனை இடம்பெறுவதில்லை. ரயன் வைட் சட்டமும் குடியேற்ற நிலையைத் தகுதியாக விதிக்கவில்லை. பழைய விதியைக் கேள்விப்பட்டு, இன்றும் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே உண்டு. 13 முதல் 64 வயது வரையுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவப் பரிந்துரை.

விண்ணப்பிக்க விரும்புவோர் 211 என்ற எண்ணை அழைத்து, தம் கவுண்டியைக் கூறி, ரயன் வைட் சேவை வழங்கும் நிலையத்தின் விவரம் கேட்கலாம். நோயைப் பற்றி அழைப்பில் விவரிக்கத் தேவையில்லை. நேரில் செல்லும்போது முகவரிச் சான்று, வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை இருப்பின் அது, தொற்றை உறுதிசெய்த ஆய்வறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்க. இந்தியாவில் சிகிச்சை தொடங்கியவர்கள் அங்குள்ள மருந்துக் குறிப்பையும் கொண்டுசெல்வது நல்லது. தகுதியைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதால், புதுப்பிக்கும் தேதியை முதல் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளவும். முகவரியோ வேலையோ மாறினால் நிலையத்துக்கு உடனே தெரிவிக்கவும்.