இந்த உண்டியல் வேண்டாம், கண்ணு!

போன கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல். என் பதினொரு வயசுப் பொண்ணு ஓர் இரும்பு உண்டியலைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாள். கறுப்பின மனிதர் ஒருவரின் மார்பளவு உருவம். தடித்த சிவப்பு உதடு, பிதுங்கிய கண். உள்ளங்கையில் காசை வைத்துப் பின்னாடி இருக்கும் கம்பியை அழுத்தினால், கை உயர்ந்து காசை வாய்க்குள் போடும், கண் உருளும்.

"சூப்பரா இருக்குப்பா, வாங்கலாமா?"

"வேண்டாம் கண்ணு."

"ஏம்ப்பா?"

அங்கே நின்று விளக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை பிக் ராபிட்ஸ் கிளம்பினோம். டெட்ராய்ட் பக்கமிருந்து சுமார் மூணு மணி நேர டிரைவ். அங்கே ஃபெர்ரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ மியூசியம் இருக்கிறது. அனுமதி இலவசம்.

இதைத் தொடங்கியவர் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியர். அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது இப்படி ஒரு பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவர் கண்ணெதிரிலேயே போட்டு உடைத்தாராம். பிறகு உடைப்பதை விட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். 1996-ல் மொத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

உப்பு டப்பா, பிஸ்கட் ஜாடி, சோப்பு அட்டை, பொம்மை என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் சமையலறையிலும் குழந்தைகள் அறையிலும் இருந்தவை. பள்ளியிலும் பேருந்திலும் கறுப்பினத்தவரைச் சட்டம் ஒதுக்கி வைத்தது. "இவர்கள் சிரிக்கத்தக்கவர்கள், நமக்குச் சேவை செய்யப் பிறந்தவர்கள்" என்ற பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் இந்தப் பொருட்கள் நடத்தின.

நாம் கடையில் பார்த்த ஆன்ட் ஜெமைமா பான்கேக் மாவும் இந்தக் கதைதான். 1889-ல் வந்தது. அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்மணியை 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த வேஷத்தில் நிற்க வைத்தார்கள். பெயர் மாறியது 2021-ல்தான்.

எங்கள் உண்டியலும் அங்கே கண்ணாடிக்குள் இருந்தது. "இங்க மட்டும் வெச்சிருக்கலாமா?" என்று கேட்டாள். "இங்க பக்கத்துல ஏன்னு எழுதியிருக்காங்க. வீட்டு ஷெல்ஃப்ல அது வெறும் அழகுப் பொருள்" என்றேன். உடைத்துப் போட்டுவிட்டால் இப்படியெல்லாம் நடந்ததா என்று நாளைக்குச் சந்தேகம் வரும்.

கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம சினிமாவுலயும் கறுப்பா இருக்கிறவங்களக் கிண்டல் பண்றாங்களே, அது?" என்றாள். அந்தக் காமெடிக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவன் நான். என்ன சொல்வது?

குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கும்பல் கொலைகள் பற்றிய பகுதியும் உண்டு. முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

மறுநாள் வீடியோ காலில் என் அம்மா, "வெயில்ல ஆடி இப்படிக் கறுத்துட்டியேடி" என்றார்.

"அதனால என்ன பாட்டி?" என்று கேட்டாள் என் பொண்ணு.

அம்மாவிடம் பதில் இல்லை. முப்பது வருஷமாக அதே வார்த்தையைக் கேட்டு வளர்ந்த எனக்கு ஒரு தடவைகூட அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.