14 நிமிடப் பேச்சு... அரை பேண்ட் எங்கே போகிறது? ஸ்பீக்கிங் டெஸ்ட்டில் மார்க் போடும் கணக்கு

ரீடிங், லிஸனிங், ரைட்டிங் மூன்றிலும் வேண்டிய மார்க் வந்தாச்சு. ஸ்பீக்கிங்கில் மட்டும் 6.5. ஆனால் ஐஇஎல்டிஎஸ் வழியாக இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். இடைவெளி வெறும் அரை பேண்ட். அதற்காக மறுபடி பல ஆயிரம் ரூபாய் கட்டணம், மறுபடி லீவு, நிலக்கோட்டையிலிருந்து தேர்வு மையம் இருக்கும் நகரத்துக்கு மறுபடி ஒரு பஸ் பயணம்.

கேள்வித்தாள் தேர்வு என்றால் எது தப்பு, எது சரி என்று பார்த்துக்கொள்ளலாம். "பேச்சுக்கு எப்படிங்க மார்க் போடுறாங்க? எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் மூடைப் பொறுத்ததா?" என்ற சந்தேகம் வருவது இயல்புதான். விடை என்ன?

உள்ளே என்ன நடக்கும்?

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். தேர்வாளரும் தேர்வு எழுதுபவரும் மட்டும்தான் பேசுவார்கள். பேச்சு முழுவதும் பதிவாகும்.

முதல் பகுதி ஊர், வேலை, படிப்பு பற்றிய சாதாரணக் கேள்விகள். இரண்டாவது பகுதியில் ஒரு கார்டு தருவார்கள். யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். மூன்றாவது பகுதியில் அதே தலைப்பு கொஞ்சம் ஆழமாகும்: ஏன் அப்படி, முன்பு எப்படி இருந்தது, இனி என்ன ஆகும் என்ற மாதிரி.

எதற்கெல்லாம் மார்க்?

நான்கு விஷயங்கள். நான்குக்கும் சம எடை.

- தடையில்லாமல், கோர்வையாகப் பேசுவது
- சொல்வளம்
- இலக்கணத்தில் வகையும் சரியும்
- உச்சரிப்பு

உதாரணமாக 7, 6, 6, 7 வாங்கினால் சராசரி 6.5. இந்த நான்கில் பேசுபவரின் கருத்து சரியா தப்பா என்பதற்கு இடமே இல்லை. அழகான கருத்து சொன்னால் கூடுதல் மார்க்கும் கிடையாது. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் மார்க். "எனக்குப் பதில் தெரியலையே" என்று பதறுவதை விட, "இதைப் பற்றி நான் அதிகம் யோசிச்சதில்லை, ஆனா..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பேச்சை நகர்த்துவது மேல்.

நம்ம ஊர் உச்சரிப்பு மைனஸா?

இல்லை. எந்த ஊர் சாயலில் பேசினாலும், கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதுதான் அளவு. மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை பிரித்து ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டது. அதில் உச்சரிப்பு பற்றிய பகுதியை 2018-ல் திருத்தி எழுதினார்கள். தாய்மொழிக்காரர் மாதிரி பேசுவதை இலக்காக வைப்பது நியாயமில்லை, புரியும்படி பேசுவதே முக்கியம் என்பது திருத்தத்தின் சாரம். ஆகவே செயற்கையாக 'ஃபாரின் ஆக்சென்ட்' போடுவது வீண் வேலை.

தமிழ் பேசுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பையா, முதுகா? இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் கடைசி ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். அதேபோல சொல்லில் அழுத்தம் விழும் இடம்: 'டெவலப்' என்ற சொல்லில் அழுத்தம் நடுவில் 'வெ' மீது விழ வேண்டும். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பயிற்சி எடுக்க வேண்டியது இங்கேதான்.

ஆள் மாறினால் மார்க் மாறுமா?

இந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனி பிரவுன் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். ஒரே மாணவி, இரண்டு வெவ்வேறு தேர்வாளர்களிடம் பேசினார். ஒருவர் தெளிவாகக் கேட்டு, மாணவி பேசப் பேச ஆர்வம் காட்டி, விரிவாகப் பேச வழி கொடுத்தார். இன்னொருவரிடம் அந்தத் தெளிவு இல்லை. பதிவைக் கேட்டு மதிப்பிட்டவர்கள் முதல் நேர்காணலில் மாணவியின் திறமை அதிகம் என்றார்கள். பேசியது என்னவோ அதே மாணவிதான்!

அது தேர்வின் பழைய வடிவம். ஐஇஎல்டிஎஸ் 2001-லேயே தேர்வாளர் பேச வேண்டியதை எழுத்து வடிவில் கட்டுப்படுத்திவிட்டது. "அவங்க சிரிக்கவே இல்ல, பாதியில நிறுத்திட்டாங்க" என்று பலர் கலங்குவதற்குக் காரணம் இதுதான். நேரம் முடிந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவே. அது மோசமாகப் பேசியதன் அடையாளம் இல்லை.

மனப்பாடம் செய்தால்?

மாட்டிக்கொள்வோம். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. சாதாரணக் கேள்விக்குத் தடுமாறிவிட்டு, கார்டு வந்ததும் மேடைப் பேச்சு வந்தால் யாருக்குமே தெரியும்.

'உங்கள் ஊரில் கூட்டம் அதிகமான ஓர் இடம்' என்று கார்டு வருவதாக வைத்துக்கொள்வோம். பார்க்காத ஷாப்பிங் மாலை வர்ணிப்பதை விட நிலக்கோட்டை பூ மார்க்கெட்டைப் பேசலாம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது, வரத்து கூடி விலை விழுந்தால் பூ எப்படி செண்ட் ஃபேக்டரிக்குப் போகிறது... காரணம், ஒப்பீடு, கடந்த காலம், எதிர்காலம் எல்லாம் தானாக வரும். தெரிந்த விஷயம் என்பதால் தடுமாற்றமும் குறையும்.

மற்ற தேர்வுகளில்?

மருத்துவத் துறையினருக்கான ஓஇடி-யில் இரண்டு ரோல் ப்ளே. எதிரில் நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவை வேறு மதிப்பீட்டாளர்கள் பிறகு கேட்கிறார்கள். நோயாளியின் கவலையைக் காது கொடுத்துக் கேட்டதற்கும் இங்கே மார்க் உண்டு.

பிடிஇ-யில் மைக்கில் பேச வேண்டும், பெரும்பாலும் கம்ப்யூட்டரே மதிப்பிடும். ஜெர்மன் மொழிக்கான கோத்தே பி1 தேர்வில் பொதுவாக இரண்டு மாணவர்கள் ஜோடியாகப் பேசித் திட்டமிட வேண்டும். அங்கே கூட இருப்பவரைப் பேச விடுவதும், அவர் சொன்னதற்குப் பதில் சொல்வதும் திறமையின் பகுதி. 100-க்கு 60 எடுத்தால் பாஸ்.

அரை பேண்ட் போச்சு, என்ன செய்யலாம்?

ஐஇஎல்டிஎஸ்-ல் இரண்டு வழி. ஒன்று, மறுமதிப்பீடு. தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் விண்ணப்பித்தால், வேறொரு தேர்வாளர் பதிவைக் கேட்டு மார்க் போடுவார். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்ப வரும். இன்னொன்று, கம்ப்யூட்டர் வழித் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஸ்பீக்கிங்கை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாடும் நிறுவனமும் அந்த மார்க்கை ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், ஒரு வேலை. போனில் டைமர் வைத்து 2 நிமிடம் பேசிப் பதிவு செய்து, மேலே சொன்ன நான்கையும் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அரை பேண்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அந்த 2 நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.